எலிசாவின் தலைமேல் ஒரு நேர்ச்சை

"ஊருக்கு டிக்கெட் போட்டாச்சுல்ல? அப்ப வேளாங்கண்ணியில எலிசாவுக்கு மொட்டை போட்டுடலாம்" என்றாள் அந்தோணியம்மாள், ரசத்தில் உப்பு போடச் சொல்வதைப் போல.

எலிசாவின் கையிலிருந்த கரண்டி சட்டிக்குள் விழுந்தது. "எனக்கா? எதுக்கு அத்தை?"

"உங்க க்ரீன் கார்டுக்குத்தான். வந்தா என் மருமக முடியைத் தர்றேன்னு மாதாகிட்ட நேந்துக்கிட்டேன். பிலிப்புகிட்ட அன்னைக்கே ஊர்லேருந்து போன்ல சொன்னேனே. அவன் ஒண்ணும் சொல்லலையே!"

எலிசா கணவனைப் பார்த்தாள். பிலிப் பேப்பருக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டான். அமெரிக்காவில், இந்தப் பிஸ்கட்டவே ஊரில் ஒரு கம்பெனியில் முப்பது பேரை அதட்டி வேலை வாங்குகிறவன். வீட்டில் அம்மாவும் மனைவியும் எதிரெதிரே நின்றால் மட்டும் அவன் வாய் பூட்டிக்கொள்ளும். நம்மூர் ஆண்பிள்ளைகளுக்கு இது கைவந்த கலை.

எலிசாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. மாதாவுக்குக் கொடுக்க அவளுக்கு மனமில்லாமல் இல்லை. ஆனால் தன் தலையைப் பற்றித் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து ஃப்ளாட் ரூத் ஆன்ட்டி தேன் கேக்கோடு வந்தார். தொண்ணூற்றெட்டு செப்டம்பர், யூதர்களின் புத்தாண்டு. யூதப் பள்ளியில் அவர்கள் வேதம் சொல்லிக் கொடுத்து ரிட்டயரானவர். எலிசா ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கொட்டியதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்தோணியம்மாளுக்கு ஆங்கிலம் தெரியாது. மொழிபெயர்க்கும் வேலை பிலிப்பின் தலையில் விழுந்தது.

"நேர்ச்சைன்னா விளையாட்டு இல்லைன்னு அவங்க சட்டமும் சொல்லுதாம்மா."

"பார்த்தியா!" என்று நிமிர்ந்தாள் அந்தோணியம்மாள்.

ரூத் மேலும் பேசினார். பிலிப் தொண்டையைச் செருமினான். "அவ்ளோதாம்மா."

"அவ்ளோ இல்ல. ஃபுல்லா ட்ரான்ஸ்லேட் பண்ணுங்க" என்றாள் எலிசா.

"அது... அவங்கவங்களுதை வெச்சுத்தான் நேந்துக்க முடியுமாம். இன்னொருத்தர் தலைக்கு நேந்தா அது செல்லாதாம்."

"அப்புறம்?"

"பொண்டாட்டி ஏதாவது நேந்துக்கிட்டா, புருஷன் அதைக் கேள்விப்பட்ட அன்னைக்கே கேன்சல் பண்ணலாமாம். அன்னைக்குப் பூரா வாயே திறக்கலன்னா அவன் சம்மதிச்சதா அர்த்தமாம்." கடைசி வார்த்தைகளைப் பிலிப் பாதி விழுங்கினான்.

கணவனின் நேர்ச்சையைக் கேன்சல் செய்யும் உரிமை மனைவிக்குக் கிடையாது என்பதையும், அதற்காகத் தன் மகள் தன்னோடு இன்னும் சண்டை போடுகிறாள் என்பதையும், மகள் பக்கம்தான் நியாயம் என்பதையும் விடாமல் சொல்லச் சொன்னார் ரூத்.

அந்தோணியம்மாள் பொல்லாதவள் அல்ல, பயந்தவள். மாதாவிடம் சொன்ன சொல் தவறினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நிஜமாகவே நடுங்கினாள். யோசித்தாள். முகம் மலர்ந்தது.

"சரி, என்னுதைக் குடுத்தாப் போச்சு. பிலிப்பு நான் பெத்த பிள்ளை, என்னுதுதானே? அவன் தலைக்கு மொட்டை போட்டுடறேன்."

பிலிப் துள்ளி எழுந்தான். இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டான். "அம்மா! என்னைக் கேக்காம என் தலைக்கு நீ எப்படிம்மா நேந்துக்கலாம்?"

முதலில் சிரித்தது எலிசாதான். அந்தோணியம்மாள் மருமகளைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள்.

"ஏண்டா, அவ தலைக்கு நேந்தப்ப இந்த வாய் எங்கடா போச்சு?"

அவளும் சிரித்துவிட்டாள். "விடு. நேந்தவ நான். என் முடியை நானே குடுத்துக்கறேன்."

என்ன நடந்தது என்று ரூத் ஆன்ட்டி கேட்டார். பிலிப்பின் வாய் மறுபடியும் பூட்டிக்கொண்டது. எலிசாவே ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தாள்.