நாலு பேருக்கு ஒரு கைப்பிடி மிளகு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. தபாலில் வந்தது.

வந்த கடிதமும் எனக்கு எழுதப்பட்டதல்ல. இந்தப் பத்திரிகையில் வாராவாரம் 'ஆரோக்கிய அடுப்பங்கரை' எழுதுகிறாரே திருமதி சௌந்தரவல்லி, அந்த அம்மாளுக்கு எழுதப்பட்டது. அந்த அம்மாளுக்கு மீசை உண்டு. தினம் காலையில் அதைக் கத்தரிக்கிறவன் நான்தான்.

நடந்தது இது. போன மார்கழியில் என் தொடர்கதையின் பதினேழாம் அத்தியாயம் அரைப் பத்தி குறைந்துவிட்டது. கதாநாயகியை ஆற்றங்கரையில் மயங்கி விழ வைத்திருந்தேன். மயங்கிக் கிடப்பவளை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் இழுக்க முடியும்? "கீழே சௌந்தரவல்லி என்று ஒரு பேர் போட்டு ஏதாவது சமையல் எழுதுமய்யா. யுத்த காலம். உடம்புக்கு நல்லதாக இருக்கட்டும்" என்றார் ஆசிரியர். மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றில் ஒரு சூப் இருந்தது. ஓடைத் தண்ணீரில் வளரும் ஏதோ ஒரு காரக் கீரையைக் காய்ச்சுவது. அதற்குத் தமிழில் என்ன பேர் என்று தெரியாததால் கடுகுக்கீரை என்று எழுதினேன். வெண்ணெயை நீக்கிப் பருப்புத் தண்ணீர் சேர்த்தேன். நம்மவர் நாக்குக்கு உறைப்பு வேண்டுமே என்று கடைசியில் ஒரு வரி போட்டேன்: 'நாலு பேருக்கு ஒரு கைப்பிடி மிளகு.'*

(* மிளகுக்கும் எனக்கும் உள்ள பழக்கம், வெண்பொங்கலில் கிடப்பதைப் பொறுக்கி இலை ஓரத்தில் வைப்பதோடு சரி.)

2

இந்தக் கதையை எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் யோசித்தேன்.

'தணிகைமலையின் முந்நூற்றறுபத்தைந்து படிகளிலும்...' (படிக்கு ஒரு வாக்கியம் எழுதத் தோன்றிவிடும். வேண்டாம்.)

'அவள் விழிகளில் நீர் பெருகியது. காதலா? பிரிவா? அல்ல, அது...' (தொடர்கதைப் புத்தி. வேண்டாம்.)

'இந்த உணவு நெருக்கடிக் காலத்தில், கீரையின் மேன்மையை நம் பெண்மணிகள்...' (ஆசிரியர் மகிழ்ச்சியடைவார். நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.)

ஆகையால் நேராக அடுப்படிக்கே போய்விடுகிறேன்.

3

திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு சத்திரம். அதில் பதினோரு வருஷமாகச் சமைக்கிறவள் ஜெயம்மா. நகரிப் பக்கத்துக்காரி. புருஷன் போன பிறகு இங்கே வந்து சேர்ந்தாள். சத்திரத்துப் பின்கட்டில் அவளுக்கு ஓர் அறை. அடுப்பு அவளிடம் இருக்கிற வரையில் அந்த அறையும் அவளுடையது. வேறு போக்கிடம் கிடையாது.

அந்தச் சத்திரத்தில் ஒரு வழக்கம். எதைச் சமைத்தாலும் கூடத்தில் மாட்டியிருக்கும் முருகன் படத்துக்குப் படைத்த பிறகுதான் மனிதர் நாக்கில் படலாம். சமைக்கிறவள் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுப் பார்க்கக்கூடாது. ஜெயம்மா மூக்கால் சமைத்தாள். அண்டா மேல் குனிந்து ஆவியை ஓர் இழுப்பு இழுத்தால், உப்பு போதாது, புளி தூக்கல் என்று சொல்லிவிடுவாள். இத்தனை வருஷத்தில் இலையில் உட்கார்ந்து உப்புக் கேட்டவர் ஒருவரும் இல்லை.

தைக் கிருத்திகைக்கு மறுநாள் காலையில் சத்திரத்து நிர்வாகி கஜபதி நம் பத்திரிகையோடு அடுப்படிக்குள் வந்தார். ரேஷன் வந்ததிலிருந்து சத்திரத்துக்கு அரிசி அளவாகத்தான் வருகிறது. பக்தர்களின் வயிறு அந்த அளவுக்குள் வர மறுத்தது. முதலில் சூப்பைக் கொடுத்துவிட்டால் பின்னால் சோறு குறைவாக இறங்கும் என்பது அவர் கண்டுபிடிப்பு. அதற்கு ஆரோக்கியம் என்று பேர் வைத்தார். போதாததற்கு, அன்று மத்தியானம் ரேஷன் அரிசி ஒதுக்குகிற சப்ளை ஆபீசர் ஒருவர் சாப்பிட வருவதாக இருந்தது.

"ஜெயம்மா, இன்னிக்கு ரசம் வேணாம். சூப்பு."

"அது இன்னாங்க?"

"வெள்ளைக்காரன் குடிக்கிற ரசம். கேட்டுக்கோ." புராணம் வாசிக்கிற ராகத்தில் ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

ஜெயம்மா கடைசி வரி வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள். "ஐயா, கடுகுக்கீரையே நாக்கைப் பிடிக்கும். எங்க ஊர்ல நாலு எலை கிள்ளிப் பருப்புல போடுவோம். அவ்ளோதான். அதுக்கு மேல மிளகு எதுக்குங்க?"

"பத்திரிகையில எழுதற அம்மாவுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா? ஊரெல்லாம் இதைப் படிச்சுகினு இருக்குது."

"படிக்கிறாங்க, சரிங்க. குடிச்சாங்களா?"

கஜபதி அதற்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பந்தியில் அறுபது பேர். நாலு பேருக்கு ஒரு கைப்பிடி என்றால் பதினைந்து கைப்பிடி. வேண்டுதலுக்கு உப்பும் மிளகும் கொண்டுவருகிறவர்கள் சத்திரத்திலும் கொட்டிவிட்டுப் போவதால் மிளகுக்குக் குறைவில்லை. அடுத்த கேள்வி, யார் கை?

ஜெயம்மா தன் கையை நீட்டினாள்.

"உன்னுது சின்னக் கை. அந்தம்மா பெரிய இடம். கையும் பெரிசாத்தான் இருக்கும்" என்றார் கஜபதி. கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்த பங்காருவைக் கூப்பிட்டார்.

பங்காரு ஜெயம்மாவின் அக்காள் புருஷன். அவன் உள்ளங்கையில் ஒரு சிறு குடும்பம் குடியிருக்கலாம்.

"பாவா, விரலை ஒட்டிப் பிடி. கொஞ்சமா அள்ளு" என்று ஜெயம்மா முணுமுணுத்தாள்.

"நான் இன்னா பண்ண ஜெயா? சாமி குடுத்த கை."

"ஆங், எங்கக்காளுக்கு ஒரு முழம் பூ வாங்க மட்டும் அது விரியாது."

"பேசாம அள்ளுடா" என்றார் கஜபதி. "ஒண்ணு... ரெண்டு..."

4

இந்த இடத்தில் எனக்கு ஜெயம்மா மேல் ஒரு சந்தேகம்.

அண்டா கொதித்தது. அவள் குனிந்து ஆவியை இழுத்தாள். மூன்று தும்மல் போட்டாள். ஆவியிலேயே எல்லாம் தெரிந்துகொள்கிறவளுக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் ஏன் பேசாமல் இருந்தாள்?

முதல் பிரதியில், 'பேதை! எழுத்தறியாத அவள் அச்சடித்த காகிதத்துக்கு அஞ்சி...' என்று எழுதினேன். அடித்துவிட்டேன். காகிதத்துக்கு அஞ்சுகிறவள் "குடிச்சாங்களா?" என்று கேட்கமாட்டாள்.

இரண்டாம் பிரதியில், 'ஜெயம்மா உள்ளுக்குள் சிரித்தாள். குடிக்கட்டும், குடித்துத் தெரிந்து...' அதையும் அடித்துவிட்டேன். கிருத்திகை விரதம் இருந்து வெறும் வயிற்றோடு வந்த அறுபது பேர் அவளுக்கு என்ன கெடுதல் செய்தார்கள்?

மூன்றாவதாக எழுதியது இது. இதைத்தான் நான் நம்புகிறேன்.

ஜெயம்மா ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் தூக்கிக்கொண்டு அண்டாப் பக்கம் வந்தாள். "ஐயா, இன்னும் ரெண்டு குடம் விட்டா வாயில வைக்கலாம்."

கஜபதி பத்திரிகையை மறுபடி ஒருமுறை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். "தண்ணி விடச் சொல்லி இதுல இல்லையே."

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். பிறகு, "பாவா, கூடத்துல எட்டுக் குடம் தண்ணி கொண்டாந்து வெச்சிடு. லோட்டா எல்லாத்தையும் எடுத்து வை" என்றாள்.

"எட்டா? இன்னிக்கு இன்னா, சோத்துக்குப் பதிலா தண்ணியா?"

"வெச்சிட்டுப் போ. அப்புறம் நீயே தெரிஞ்சுக்குவே."

இந்த எட்டுக் குடம் நான் நினைத்தபடி கதையில் நடந்துகொள்ளவில்லை. அவள் நல்ல மனசுக்கு அடையாளமாக இருக்கட்டும் என்று வைத்தேன். பாருங்கள் என்ன ஆயிற்று என்று.

5

மத்தியானம் பந்தி. முடி இறக்கிச் சந்தனம் பூசிய தலைகள் இரண்டு வரிசை. முதல் இலையில் சப்ளை ஆபீசர். சோற்றுக்கு முன்னால் தொன்னையில் சூப் வந்தது. கஜபதி எழுந்து நின்று ஆரோக்கியத்தைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினார். பேச்சு நீண்டதில் சூப் ஆறிவிட்டது. ஆறியதால் எல்லோரும் ஒரே மூச்சில் குடித்தார்கள்.

ஆபீசர் "பேஷ்!" என்று சொல்ல வாயெடுத்தவர், "பே..." என்றதோடு நின்றுவிட்டார்.

அறுபது தலைகளிலும் ஒரே சமயத்தில் வியர்வை பொங்கியது. சந்தனம் நெற்றி வழியாக, மூக்கு வழியாக இறங்கி இலையில் சொட்டிற்று. மணவூர்க்காரர் ஒருவர்தான் முதலில் குரல் கண்டார். "முருகா! மொட்டையும் போட்டேன், காவடியும் எடுத்தேன். இது எந்த வேண்டுதல்டா சாமி?"

அந்தப் பந்தியில் எட்டுக் குடமும் காலி. சோறு குறையும் என்ற கணக்கும் பொய்த்தது. வாய் எரிச்சலுக்குத் தயிர்ச்சோறு கேட்டு ஒருவரும் இலையை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஆபீசர் விக்கலுக்கு நடுவே, "யார் செய்தது?" என்று கேட்டார்.

கஜபதியின் ஒரு கை பத்திரிகையை இடுப்பில் செருகியது. மற்றொரு கை ஜெயம்மாவைக் காட்டியது.

ஆபீசர் போன பிறகு விசாரணை.

"மூக்காலயே உப்புச் சொல்றவ, காரம் தெரியலைன்னு சொல்லாதே."

"தெரிஞ்சுதுங்க. சொன்னேனே."

"பாத்தியா! தெரிஞ்சிருக்குது! தெரிஞ்சுகினுதான் எட்டுக் குடம் தண்ணி வெச்சிருக்கே. வேணும்னே செஞ்சவதான் முன்னாடியே தண்ணி வெப்பா."

"எரியும்னு தெரிஞ்சுதான் தண்ணி வெச்சேன். எரியணும்னு வெக்கலைங்க."

பங்காரு இதற்கு ஏதோ சொல்ல வந்தான். கஜபதி அவன் கையைப் பார்த்தார். அவன் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

கஜபதி கெட்டவர் அல்ல. (வில்லனாக்க ஒரு நாள் முழுக்க முயன்று பார்த்தேன், அவர் ஒத்துழைக்கவில்லை.) அவர் அறிந்த உலகத்தில் நிர்வாகி தவறு செய்வதில்லை, அச்சு தவறு செய்வதில்லை. மிச்சம் இருந்தவள் ஜெயம்மா ஒருத்திதான். ஆனாலும் நியாயத்துக்குப் பயந்து அன்றைக்கே ஒரு கடிதம் எழுதிவிட்டார்:

'அம்மணி, தங்கள் முறைப்படி அறுபது பேருக்குச் செய்ததில் பெரிய அவமானம் நேர்ந்துவிட்டது. பிழை தங்கள் செய்முறையிலா, எங்கள் சமையல்காரி கையிலா? தாங்கள் ஒரு வரி எழுதினால் அதன்படி நடப்போம். அதுவரை அவள் கரண்டி தொடவேண்டாம் என்று சொல்லி, அரக்கோணத்திலிருந்து வேறு ஆளை வரவழைத்திருக்கிறோம்.'

6

கதாசிரியன் தன் பாத்திரத்தை நேரில் போய்ப் பார்க்கக்கூடாது. நான் போனேன். அரக்கோணத்தில் வண்டி மாறி, பக்தனைப் போல நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு போனேன்.

ஜெயம்மா பின்கட்டில் முறத்தோடு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அடுப்படியில் வேறொருவர் இருமிக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடி போட்ட ஆள் ஒருவர் (அடியேன்தான்) வந்து நிற்பதை அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பட்டணமா?"

"ஆமாம்மா."

"அப்போ அந்தம்மாவைப் பாத்திருப்பீங்களே. சௌந்தரவல்லின்னு பத்திரிகையில எழுதறாங்களாமே."

மூக்குக்கண்ணாடிக்காரர் பார்த்ததுண்டு என்று தலையாட்டினார்.

"அவங்க வீட்ல நாலு பேர் இருக்காங்களா?"

"ஏன் கேட்கிறே?"

"நாலு பேருக்கு ஒரு கைப்பிடின்னு எழுதியிருக்காங்க. வீட்ல நாலு பேர் இருந்தா யாராவது ஒருத்தராவது இலையைத் தள்ளிட்டு எழுந்திருப்பாங்களே. யாருமே எழுந்திருக்கலைன்னா, பாவம், அந்தம்மா தனியாத்தான் இருக்காங்க போல. இல்லைன்னா ஒருவாட்டியும் செய்யாமலே எழுதிட்டாங்க." ஒரு கல்லை எடுத்துக் கொல்லைப் பக்கம் எறிந்தாள். "இதைக் காச்சலாங்க. நல்ல சாறுதான். ஒரு சட்டித் தண்ணிக்குக் கீரை ஒரு பிடி, மிளகு நாலே நாலு, தட்டிப் போட்டு, பருப்புத் தண்ணி விட்டு ஒரு கொதி. சளிக்கு அது மாதிரி ஒண்ணு கிடையாது. அந்தம்மாவைப் பாத்தா சொல்லுங்க. அவங்க ஒரு வரி எழுதணுமாம். அதுக்காகத்தான் உக்காந்துகினு இருக்கேன்."

மூக்குக்கண்ணாடிக்காரர் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றார். ரயிலுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

7

ஒரு வரிதான் எழுத வேண்டும். நான் எழுதிக் கிழித்தவை கீழே.

'ஐயா, பிழை செய்முறையில்தான்...' (ஆசிரியர் பார்த்துவிட்டார். "சௌந்தரவல்லிக்கு வாரம் நூறு கடிதம் வருகிறது. உமக்கு இரண்டு. யாரை நிறுத்தட்டும்?" என்று கேட்டார்.)

'ஐயா, பிழை தங்கள் சமையல்காரி...' (இந்த வாக்கியத்தில் பேனா மக்கர் செய்தது என்று எழுத ஆசை. பேனா நன்றாகத்தான் எழுதியது. கிழித்தது நான்.)

'ஐயா, யுத்த காலத்தில் கீரையின் காரம் சற்று அதிகமாகவே...' (இதை அவர் நம்பிவிடுவார். அதனாலேயே அனுப்பப் பயமாக இருந்தது.)

கடைசியில் கடிதத்தைக் கைவிட்டு இந்தக் கதையை எழுதினேன். மேலே 'கதை' என்று போட்டு, என் பேரையும் போட்டால் ஆசிரியருக்கு ஆட்சேபம் இல்லை. "கதைதானே, யார் நம்பப்போகிறார்கள்?" என்றார். அவர் சொன்னதுதான் என் பயமும். சமையல் குறிப்பு என்ற தலைப்பில் நான் எழுதிய பொய்யை அறுபது பேர் குடித்தார்கள். கதை என்ற தலைப்பில் எழுதுகிற உண்மையை யாராவது ஒருவர் தொட்டுப் பார்ப்பார்களா?

ஒருவர் பார்க்கலாம். கஜபதி நம் பத்திரிகையின் சந்தாதாரர். அட்டையிலிருந்து கூந்தல் தைல விளம்பரம் வரை ஒரு வரி விடாமல் உரக்க வாசிக்கிறவர். இந்த இதழ் அவர் கைக்குப் போயிருக்கும். பின்கட்டில் ஜெயம்மா முறத்தோடு இருக்கிறாள். பங்காரு கோடாலியைச் சாத்திவிட்டு வந்து நிற்கிறான். கஜபதி வாசித்துக்கொண்டே வருகிறார். தன் பேர் வந்த இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கியது. எட்டுக் குடம் வந்த இடத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டார். இதோ இந்த வரிக்கு வந்துவிட்டார்.

ஜெயம்மாவின் கை முறத்தில் நிற்கிறது. "அப்புறம் இன்னா ஆச்சுங்க, ஐயா?" என்று கேட்கிறாள்.

இதற்குக் கீழே அச்சில் ஒன்றும் இல்லை. கஜபதி ஐயா, அவள் உங்களைத்தான் கேட்கிறாள்.