தோற்ற பந்தயம் இன்னொரு தடவை

இட்டியவிராவுக்கு வருஷத்தில் இரண்டு நாள் பேச்சு வராது. ஆகஸ்டில் காயலில் படகுகள் மோதும் வள்ளப் போட்டி முடிந்த அன்று சாயங்காலமும் மறுநாளும். வானொலியில் போட்டியின் நேர்முக வர்ணனையைக் காலையிலிருந்து கத்தித் தீர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் எல்லாம் சைகைதான்.

"இவரைக் கட்டிக்கிட்டதுல எனக்குக் கெடச்சது இந்த ரெண்டு நாள் நிம்மதிதான்" என்பாள் அவர் மனைவி சோசம்மா.

சொல்வாளே தவிர, அந்தக் குரலில் அவளுக்கு அசாத்தியப் பெருமை. மைக் முன்னால் உட்கார்ந்துவிட்டால் மனுஷனுக்கு ஊர் கிடையாது, உறவு கிடையாது. எந்த வள்ளத்தின் மூக்கு முன்னால் நிற்கிறதோ அதன் பெயர்தான் வாயில் வரும். தீர்ப்பில் தகராறு வந்தால்கூட இரண்டு ஊர்க்காரர்களும், "இட்டி சார் என்ன சொன்னாரு?" என்றுதான் கேட்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. நூறு பேர் வரிசையாக உட்கார்ந்து துடுப்புப் போடும் சுண்டன் என்ற நீள வள்ளத்தில் யாருக்கும் பந்தயம் தெரியாது. முன்னால் இருப்பவன் முதுகுதான் தெரியும். அதனால் போட்டி முடிந்த வாரம் ஊர் ஊராக அவரைக் கூப்பிட்டு, கப்பைக்கிழங்கும் மீனும் போட்டு, தாங்கள் ஓட்டிய பந்தயத்தை அவர் வாயால் கேட்டுக்கொள்வார்கள்.

இந்த வருஷம் அவருடைய ஊர் வள்ளமான மணலாடிச் சுண்டன் படு பலம். போட்டியன்று விடியற்காலையில் சோசம்மாவின் தம்பி பைலி வந்தான். வள்ளத்தில் நடுவரிசைத் துடுப்புக்காரன்.

"அளியா, ஃபைனல் வந்துட்டோம்னா கடைசி நேரத்துல நம்ம பேரை மட்டும் சொல்லு. கரையில ஸ்பீக்கர் இருக்குல்ல? காதுல விழுந்தா கை தானா ஓடும்."

"முதல்ல உன் வள்ளத்தோட மூக்கை முன்னால கொண்டாந்து காட்டு. சொல்றேன்" என்றார் இட்டியவிரா.

மணலாடி ஃபைனலுக்கு வந்தது. சோசம்மாவின் அடுக்களையில் ரேடியோவைச் சுற்றி அக்கம்பக்கத்துப் பெண்கள் மூச்சுவிடாமல் உட்கார்ந்தார்கள். முடிவுக்குச் சற்று முன்புவரை முன்னால் இருந்த மணலாடியைக் கரிப்பாடம் சுண்டன் எட்டிப் பிடித்தது. ரேடியோவில் கரிப்பாடத்தின் பெயர் ஒலித்தது. மணலாடி தோற்றது. ஜெயித்தால் வெடிக்க வாங்கிய பட்டாசுக் கட்டு பிரிக்காமலேயே கிடந்தது.

பொழுது சாயும்போது ஈரத் துணியோடு மணலாடித் துடுப்புக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் முற்றத்தில் வந்து நின்றார்கள். முன்னால் பைலி.

"எங்கே அவரு? கரிப்பாடம் பேரை மைக்குல சொன்னதும் பசங்களுக்குக் கை தளந்து போச்சு. சொந்த ஊரைக் கவுத்துட்டாரு!"

இட்டியவிரா வெளியே வந்தார். வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. கையைக் கையை ஆட்டினார்.

"இப்ப மட்டும் ஊமையாக்கும்!" என்று யாரோ ஒருவன் சொன்னான்.

சோசம்மாவுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் நேர்மையாகப் பேசிய மனுஷனை இனி இந்த ஊர் உள்ளே சேர்க்காதோ என்று தோன்றியது. கரண்டியோடு படியில் இறங்கினாள்.

"உக்காருங்கடா. அவருக்குத் தொண்டைதான் இல்லை. எனக்கு இருக்கு. உங்க பந்தயத்தை நான் சொல்றேன்."

அவள் ஒரு வருஷமும் போட்டிக்குப் போனதில்லை. ஆனால் ரேடியோவில் அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. புறப்பாடு, நடுக்காயல், கரிப்பாடம் நெருங்கியது என்று அப்படியே சொல்லிக்கொண்டு போனாள். கடைசி இடம் வந்ததும் அவளுக்கே குரல் ஏறியது.

"கரிப்பாடம்! கரிப்பாடம் அரைக் கை முன்னால்! ஆனால் மணலாடியைப் பாருங்கள்! பின்தங்கிய பிறகு துடுப்பு இன்னும் வேகம்! தளர்ந்த கை ஒன்றுகூட இல்லை! இத்தனை வருஷத்தில் இப்படித் தோற்ற வள்ளத்தை நான் பார்த்ததில்லை! கரிப்பாடம், கரிப்பாடம் வென்றது!"

பைலி அக்காள் புருஷனைப் பார்த்தான்.

"நெசமாவா? எங்க கை தளரலையா?"

இட்டியவிரா தளரவில்லை என்று தலையாட்டினார். கண் கலங்கியிருந்தது.

"ஊருக்கெல்லாம் கேட்டுச்சு. வள்ளத்துல போடற தாளச் சத்தத்துல உங்களுக்குத்தான் அந்தப் பேருக்கு மேல ஒண்ணும் கேக்கல" என்றாள் சோசம்மா.

பைலி தரையில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"சேச்சி, அந்தக் கரிப்பாடம் முந்துற இடத்துலேர்ந்து இன்னொரு தடவை சொல்லு."