எழுபத்திரண்டு சென்டிமீட்டர்

வியாழக்கிழமை, மதியம் மூன்று மணி பத்து நிமிடம். போன் மூன்று மணிக்கே அடித்திருக்க வேண்டும்.

"பத்து நிமிஷம் லேட்டு," என்றான் இலாரியோன்.

"கிழவருக்கு மாத்திரை கொடுத்துட்டு வர்றேன்," என்றாள் அவன் மனைவி ரயீசா. "சரி, டைல்ஸைக் காட்டு."

வியாழன் மதியம் அவளுக்கு ஓய்வு. இத்தாலியில், பதோவாவில் கிழவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் எல்லோருக்கும் அன்றுதான் ஓய்வு. அந்த நேரத்தில் மாத்திரை கொடுப்பது கிழவரின் மகள். பதினோரு வருடமாக இது இலாரியோனுக்குத் தெரியும். போனைத் திருப்பிப் புது வீட்டின் குளியலறைச் சுவரைக் காட்டினான்.

"அழகா இருக்கு. கீழே காட்டு."

"கீழே என்ன இருக்கு?"

"வாசல்ல. கதவுக்குக் கீழே."

காட்டினான். வெறும் சிமென்ட்.

"வாசப்படி வேண்டாம்னு மேஸ்திரிகிட்ட சொல்லிட்டியா? ஒரு கதவுக்கும் வேண்டாம். தெருவாசலுக்கும் வேண்டாம். தரை ஒரே மட்டமா ஓடணும்."

"சொல்லிட்டேன்."

"குளியலறைக் கதவு?"

"தொண்ணூறு சென்டிமீட்டர் அகலம். ஏன் ரயீசா, அதுக்குள்ள மாட்டை ஓட்டிட்டுப் போகப் போறியா?"

அவள் சிரித்தாள். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள். அவளுக்குப் பின்னால் ஜன்னலில் பச்சைத் திரை தொங்கியது. போன வாரமும் அதே திரை. முன்பெல்லாம் பூங்காவிலிருந்து பேசுவாள். பக்கத்தில் சொந்த ஊர்ப் பெண்களின் சத்தம் கேட்கும், சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பிக்கொண்டே நடப்பாள், படம் குலுங்கும். நவம்பரிலிருந்து அறை, திரை, கழுத்துவரை அவள். படம் குலுங்குவதே இல்லை.

"ஈஸ்டருக்கு வந்துடுவேன்," என்றாள். "இனி திரும்பிப் போக மாட்டேன்."

இதை நாலாவது முறையாகச் சொல்கிறாள். ஒரு முறையும் 'தனியாக' என்று சொல்லவில்லை.

*

சாவா மேஸ்திரி முப்பது வருடமாக வீடு கட்டுகிறவன். வாசற்படி இல்லாத வீட்டை அவன் கட்டியதில்லை.

"மாட்டுக்கொட்டகைக்குக்கூடப் படி வச்சிருக்கேன்யா," என்றான். "படி இல்லாத வீட்டுல எது தங்கும்? பாதிரியார் வந்து வீட்டை மந்திரிக்கும்போது எதுமேல நிப்பாரு?"

"தரைமேல நிப்பாரு."

"சரி, நின்னுக்கட்டும். நாளைக்கு நீ செத்தா? சவப்பெட்டியை வெளிய தூக்குறப்ப வழக்கப்படி மூணு தடவை எதுல தட்டுறது? டைல்ஸ்லயா? உடைஞ்சிடும்யா, நல்ல ஸ்பெயின் டைல்ஸ்."

"அவ கேக்குறா. செய்."

"அவ என்னென்னமோ கேக்குறா. குளிக்கிற இடத்துல உக்கார மேடை. நடையில சுவர் நெடுக கைப்பிடிக் கம்பி. வீடா கட்டுறோம், ஆஸ்பத்திரியா கட்டுறோம்?" கரணையை வாளியின் விளிம்பில் தட்டினான். "யாருக்கு இதெல்லாம்னு கேட்டியா?"

இலாரியோன் கேட்கவில்லை.

ஊர் கேட்டது. சனிக்கிழமை ரொட்டி வாங்கப் போனபோது கடைக்கார அன்ஃபீசா அவனுக்கு முன்னால் இருந்த இரண்டு பேரை விட்டுவிட்டு அவனிடம் பேசினாள்.

"என்ன இலாரியோன், வீட்டுக்கு மாப்பிள்ளை வர்றாராமே?"

"எந்த மாப்பிள்ளை?"

"சக்கரம் வச்ச மாப்பிள்ளை." வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "கீழ்த்தெரு ஸ்தெலா அங்க பார்த்துக்கிட்ட கிழவரையே கூட்டிட்டு வந்தாளே, மறந்துட்டியா? பென்ஷன் இத்தாலியிலிருந்து வருது, ஆளு வாதுமை மரத்தடியில தொப்பி போட்டு உக்காந்திருக்கு. ஸ்தெலா புருஷன் சூப் ஊட்டுறான். நீயும் இப்பவே கரண்டி பிடிச்சுப் பழகு."

"ரெண்டு ரொட்டி குடு."

"மூணு வாங்கிக்கோயேன். ஆளு கூடுதே."

வீட்டுக்கு வந்ததும் முற்றத்துச் சமையல்கட்டில் உட்கார்ந்தான். வீடு முடியும் வரை அவன் குடியிருப்பு அதுதான். ஒரு அடுப்பு, ஒரு கட்டில். ஆணியில் ரயீசாவின் பழைய சாம்பல் நிறக் கோட்டு. அதன் கீழே அவளுடைய ரப்பர் பூட்ஸ். ரொட்டி பிட்டுத் தின்றுகொண்டே போனில் ஒரு படத்தைத் தேடி எடுத்தான். மூன்று வருடத்துக்கு முன் அவள் அனுப்பியது. கதவு நிலையில் கிழவர் எத்தோரே நிற்கிறார். தலை நிலையின் மேல்கட்டையைத் தொடுகிறது. பக்கத்தில் ரயீசா, அவருடைய சட்டைப்பை உயரத்துக்கு. கிழவரின் கை அவள் தோள்மேல்.

தோள்மேல் ஏன் கை? அன்று இதைக் கவனித்ததாக அவனுக்கு நினைவில்லை.

*

அடுத்த வியாழன் போன் மூன்று இருபதுக்கு வந்தது.

"பெரிய அறையில ஒரு கட்டில் போடணும்," என்றாள் ரயீசா.

பெரிய அறையில் யாரும் படுப்பதில்லை. கம்பளங்களும் கல்யாணத் துண்டுகளும் அங்கே இருக்கும். விருந்தாளி வந்தால் திறப்பார்கள். செத்தவரை அங்கே கிடத்துவார்கள்.

"படுக்கை அறைதான் மாடியில கட்டியாச்சே."

"அது இருக்கட்டும். கீழேயும் ஒண்ணு. ஜன்னலோரமா. உக்காந்தா தெரு தெரியணும்."

"யாருக்கு?"

"என்ன யாருக்கு?"

"ரயீசா, நேரா கேக்குறேன். கிழவனைக் கூட்டிட்டு வர்றியா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். யாரோ கதவருகே நிற்பதுபோல இருந்தது. பிறகு சிரித்தாள்.

"எத்தோரேயா? அவரு இந்த வீட்டை விட்டு பால்கனிக்கே வர மாட்டாரு. யாரு சொன்னா? அன்ஃபீசாவா?"

"நீ சொல்லு."

"சொல்லிட்டேனே. கம்பியைப் பத்திப் பேசலாம். நடையில வலது பக்கம். எழுபத்திரண்டு சென்டிமீட்டர். எழுதிக்கோ. எழுபத்தஞ்சு ஆகக் கூடாது, எழுபது ஆகக் கூடாது."

எழுதிக்கொண்டான். அவள் கேள்வி ஒன்றைக் கேட்டாள். நேரான பதிலைத் தரவில்லை. 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

அன்று மாலை சாவா கிளம்பும்போது இலாரியோன் அவன் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"தெருவாசலுக்கு ஒரு படி வை. ஓக் மரத்துல."

"உன் பொண்டாட்டி வேண்டாம்னாளே?"

"வை."

சாவாவின் முகம் மலர்ந்தது. "எவ்வளவு உயரம்?"

"கால் தடுக்குற அளவுக்கு."

இரண்டு நாளில் படி வந்தது. பதினான்கு சென்டிமீட்டர். சாவா அதன்மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்தான், சடங்குக்கு ஒரு கிளாஸ் ஒயினை அதன் ஓரத்தில் ஊற்றினான். எந்தச் சக்கரமும் இதைத் தாண்டாது என்று இலாரியோன் கணக்குப் போட்டான். இத்தாலிக்காரன் காரிலேயே உட்கார்ந்திருக்கட்டும். அவள் மட்டும் வரட்டும். வர மனமிருந்தால்.

அதற்கு அடுத்த வியாழன் போனை நெஞ்சு உயரத்திலேயே வைத்துக்கொண்டான். சுவர்ப்பூச்சைக் காட்டினான், சுவிட்சுகளைக் காட்டினான், ஜன்னலைக் காட்டினான்.

"வாசலைக் காட்டு," என்றாள்.

"அங்க ஈரமா இருக்கு."

"தூரத்துல நின்னு காட்டு."

"சார்ஜ் இல்ல," என்று சொல்லிவிட்டு அணைத்தான்.

*

கைப்பிடிக் கம்பி செவ்வாய்க்கிழமை வந்தது. மரக்கம்பிதான்; பீச் மரத்தை உருளையாகக் கடைந்து பாலிஷ் போட்டது, ஆறு மீட்டர். சாவா டேப்பை நீட்டித் தரையிலிருந்து அளந்தான். பென்சிலால் கோடு போட்டான். கோட்டைப் பார்த்தான். மறுபடி அளந்தான்.

"எழுபத்திரண்டா? சரியா கேட்டியா?"

"சரியாத்தான் கேட்டேன். எழுதி வச்சிருக்கேன்."

"எங்கப்பனுக்குப் பக்கவாதம் வந்தப்ப நானே கம்பி போட்டேன்யா. இது கண்ணை மூடிட்டுப் போடுற காரியம் இல்ல. நேரா நில்லு. கையைத் தொங்க விடு." இலாரியோன் நின்றான். சாவா டேப்பை அவன் மணிக்கட்டில் வைத்தான். "எண்பத்தாறு. ஆளோட மணிக்கட்டு எங்க வருதோ, கம்பி அங்க. மேல போனா தோள் வலிக்கும், கீழே போனா ஆள் கவுந்துடும். உன் இத்தாலிக்காரன் என்ன, குள்ளனா?"

"என்னைவிட உயரம்."

"அப்ப தொண்ணூறு போடணும். உன் பொண்டாட்டிக்கு அளவு தெரியல."

"அவளுக்குத் தெரியும்," என்றான் இலாரியோன். "பதினோரு வருஷமா அதுதான் அவ வேலை."

சொன்ன பிறகுதான் அது தன் காதில் விழுந்தது.

"அப்ப இது யாருக்கு?" என்றான் சாவா. "இந்த உயரத்துக்குப் பத்து வயசுப் பிள்ளைதான் பிடிச்சுட்டு நடக்கும். இல்லேன்னா..." பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நிறுத்தினான்.

இலாரியோன் அவன் கையிலிருந்து டேப்பை வாங்கிக்கொண்டு வெளியே வந்தான்.

சமையல்கட்டில் வெளிச்சம் குறைவு. ஆணியிலிருந்து கோட்டை எடுத்தான். திராட்சை அறுக்கப் போகும்போது அவள் போட்டுக்கொள்வது. கோட்டின் கீழ்விளிம்பு பூட்ஸின் வாயைத் தொட்டுத் தொட்டு அங்கே துணி வெளுத்திருந்தது. பூட்ஸுக்கு மேலே கோட்டைப் பிடித்தான். மெல்ல இறக்கினான். வெளுத்த விளிம்பு பூட்ஸின் வாயில் வந்து நின்றது. அவள் உயரம் அது. கழுத்துப்பட்டி அவன் நெஞ்சுக்குக் கீழே இருந்தது. இவ்வளவு குட்டையா அவள்?

ஒரு கையால் கோட்டைப் பிடித்தபடி, மறு கையால் டேப்பைத் தரையில் குத்தி இழுத்தான். கோட்டுக் கை முடியும் இடம், அவள் மணிக்கட்டு.

எழுபத்திரண்டு.

கோட்டு கொஞ்சம் அசைந்தது. நிறுத்தி, மறுபடி அளந்தான். எழுபத்திரண்டு.

கோட்டை மடியில் வைத்துக் கட்டிலில் உட்கார்ந்தான். நவம்பர், பச்சைத் திரை. பத்து நிமிடத் தாமதம், இருபது நிமிடத் தாமதம். கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. "பஸ்ஸுல முப்பது மணி நேரம் யாரு உக்காருறது?" என்றாள். அவன் அதற்கு, "முன்னாடி உக்காந்தியே?" என்று கேட்டிருந்தான். கிழவரைப் பதினோரு வருடம் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கட்டிலுக்குத் தாங்கித் தூக்கி மாற்றியிருக்கிறாள். அந்த உயரத்துக்காரரை, இந்தக் கோட்டுக்காரி. தோள்மேல் ஏன் கை என்று இரண்டரை வாரமாக யோசித்தவனுக்கு, ஊன்றிக்கொள்ளத்தான் என்பது இப்போதுதான் தோன்றியது.

வெளியே வந்து மாட்டுக்கொட்டகையில் கடப்பாரையைத் தேடி எடுத்தான்.

"யோவ், என்ன பண்ற?" சாவா ஓடி வந்தான். "பத்து நாள்தான்யா ஆச்சு வச்சு! ஒயினெல்லாம் ஊத்தியாச்சு!"

"நகரு."

"கிறுக்குப் பிடிச்சுடுச்சா உனக்கு? ஓக் மரம்யா!"

இலாரியோன் கடப்பாரையைப் படிக்குக் கீழே செருகி அழுத்தினான். மரம் முனகியது. சாவா அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு எதுவும் கேட்காமல் கடப்பாரையின் மறுமுனையில் தன் எடையையும் சேர்த்தான்.

மாலைக்குள் பள்ளத்தைச் சாந்து போட்டு நிரப்பினார்கள். சாவா ரசமட்டத்தை வைத்தான். குமிழி நடுவில் நின்றது. கம்பியை எழுபத்திரண்டில் அடித்தார்கள். கிளம்பும்போது சாவா, "பெட்டியை டைல்ஸ்லயே தட்டிக்கலாம், மெதுவா," என்றான். சிரிக்கவில்லை.

*

வியாழன், மூன்று மணி. மூன்று ஐந்து. மூன்று பதினைந்து. அவன் தெருக்கதவில் நின்றுகொண்டிருந்தான். மூன்று பதினெட்டுக்கு அடித்தது.

"வாசலைக் காட்டு," என்றாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை. குரலில் ஒரு கூர்மை இருந்தது. "படி வச்சுட்டியாமே. அன்ஃபீசா போன்ல சொன்னா. நான் அவ்வளவு சொல்லியும்."

அவன் குனிந்தான். போனைத் தரையோடு பிடித்துக்கொண்டு நடந்தான். முற்றத்துச் சிமென்ட், வாசல், டைல்ஸ், ஒரே கோடாக ஓடியது. சுவரோரம் திரும்பிக் கம்பியைக் காட்டினான். கம்பி நெடுக மெல்ல நகர்த்தினான். குளியலறை, மேடை. பெரிய அறை, ஜன்னலோரக் கட்டில். கட்டிலில் உட்கார்ந்து அவளுக்குத் தெருவைக் காட்டினான். ஒரு வாத்து தெருவைக் கடந்தது.

"படி எங்க?" என்றாள் கடைசியில்.

"எடுத்துட்டேன்."

"ஏன்?"

இலாரியோன் போனைத் தன் பக்கம் திருப்பினான். அதே பச்சைத் திரை. கழுத்துவரை அவள். படம் கொஞ்சம் கீழே சரிந்தது; அவளுடைய வலது கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. நவம்பருக்குப் பிறகு அவன் அந்தக் கையைப் பார்த்ததில்லை.

"ரயீசா," என்றான். "கொஞ்சம் எந்திரிச்சு, அந்த ஜன்னல் வரைக்கும் நடந்து காட்டு."