டேக்குக்கும் டேக்குக்கும் நடுவில்

ஏழாவது ஒலிக்கோப்பிலும் வசனம் இல்லை. நாற்காலி இழுபடுகிறது, யாரோ தும்முகிறார்கள், யாரோ தண்ணீர் கேட்கிறார்கள். கடைசியில் இயக்குநர் "சவுண்ட்!" என்று கத்துகிறான். அந்த இடத்தில் கத்தரித்த மாதிரி முடிந்துவிடுகிறது.

எட்டாவதைத் திறந்தாள். "கட்!" என்பதில் ஆரம்பித்தது.

பன்னிரண்டு கோப்பு இருக்கிறது என்று சாயங்காலம் எவ்வளவு தெனாவட்டாகச் சொன்னாள்! பதினோரு டேக், ஒரு சோதனை, கணக்கு சரி என்று. கணக்கு சரிதான். உள்ளே இருப்பதுதான் தலைகீழ்.

ஒலிப்பதிவுப் பெட்டியில் ஒரே பொத்தான். ஒரு தடவை அமுக்கினால் ஓடும், மறு தடவை அமுக்கினால் நிற்கும். காலையில் சோதனைக்காக அமுக்கியவள் நிறுத்த மறந்துவிட்டாள். அதற்குப் பிறகு, 'சவுண்ட்' முதல் 'கட்' வரை ஓட வேண்டிய நேரமெல்லாம் நின்றிருக்கிறது, நிற்க வேண்டிய நேரமெல்லாம் ஓடியிருக்கிறது. சிவப்பு விளக்கைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அது ஜன்னல் கண்ணாடியில் விழுகிறது என்று கேமராக்காரன் எரிந்து விழுந்ததால், அதன்மேல் கறுப்பு டேப்பை ஒட்டியிருந்தாள். ஹெட்போனில் வசனமெல்லாம் கணீரென்று கேட்டது. பெட்டி ஓடாவிட்டாலும் ஹெட்போனில் கேட்கும் என்பது முதல் வாரத்துப் பாடம். கேமராவிலாவது சத்தம் இருக்குமா என்றால், அதை ஜன்னலுக்கு வெளியே தெருவில் வைத்திருந்தார்கள். அதில் லாரிகள்தான் பேசும்.

பல்கலைக்கழகத்தில் சினிமா படிக்க வந்து எட்டு மாதம். வயது பதினெட்டு. மைக் பிடிக்கிறவள் என்பதால் குழுவில் அவளுக்குக் 'காது' என்று பெயர். அந்தக் காதுதான் இப்போது அடைத்துக்கொண்டது.

படம், எல்லோரும் 'தாடி' என்று கூப்பிடுகிற கடைசி வருடத்து இயக்குநருடையது. வேலை தேடிப் போகிற இடமெல்லாம் அவன் காட்டப்போவது இந்த ஒரு படத்தைத்தான். மகனை வெளியூருக்கு அனுப்புகிற தாய் வேடத்துக்குத் தன் சொந்த அம்மாவையே கூட்டி வந்திருந்தான். மருத்துவமனை வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிற அந்த அம்மா ஒரே ஒரு நாள் விடுப்பில் வந்தவர். காலை ஆறு மணிப் பேருந்தில் கிளம்பிவிடுவார். இப்போது காதின் விடுதி அறையில், காலியாகக் கிடந்த கட்டிலில் படுத்திருக்கிறார். தாடியோ எடிட்டிங் அறைத் தரையில், இரண்டு நாள் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கிக்கொண்டிருக்கிறான். அவள் காலுக்குப் பக்கத்தில்தான் அவன் தலை.

அவள் ஒன்பதாவது கோப்பைத் திறந்தாள்.

"தம்பி, அவன் வெளிய போயிருக்கான். ஒண்ணு கேக்கட்டா?" தாடியின் அம்மா குரல். மைக் அவர் கழுத்தருகிலேயே இருந்ததால் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

"கேளுங்கம்மா." இது படத்தில் மகனாக நடித்தவர்.

"நீயும் இதே படிப்புதான படிச்ச? என்ன வேலை பாக்குற?"

"நானா? பகல்ல பார்சல் குடுக்குறேன். ராத்திரி கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுறேன். எப்பவாவது இப்படிப் பசங்க கூப்பிட்டா வந்து நடிப்பேன்."

"எத்தனை வருசமா?"

"பன்னெண்டு."

அந்த அம்மா தணிந்த குரலில் சொன்னார்: "அவன் எடுத்ததெல்லாம் போட்டுக் காட்டுவான். நல்லாருக்குடான்னு சொல்லுவேன். எனக்கு ஒரு எழவும் புரியாது தம்பி. இவனுக்கு இது வருமான்னே தெரியல. ஆனா அந்த மூஞ்சியப் பாத்துட்டு எப்படிச் சொல்றது? நீ சொல்லிராத."

"கட்டாயம் சொல்ல மாட்டேம்மா."

"சவுண்ட்!" என்று தூரத்தில் தாடி கத்தினான். முடிந்தது.

கீழே படுத்திருந்தவன் புரண்டு படுத்தான். அவள் ஹெட்போன் கம்பி சரியாகத்தான் செருகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். பிறகு வராந்தாவுக்கு ஓடி, வாஷிங் மெஷின் மெக்கானிக்கான தன் அண்ணனைப் போனில் கூப்பிட்டாள்.

"என்னடி இந்த நேரத்துல? பேய் கீய் பாத்தியா?"

மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அடிப்பாவி! நான் அப்பவே சொன்னேன்ல, ஒட்டுக் கேக்குறதுக்கு எதுக்குடி ஒரு டிகிரின்னு? இப்ப முழுசா ஒட்டுக் கேட்டுட்டியே, பட்டத்த இன்னிக்கே குடுத்துரலாம்."

"அண்ணா, விளையாடாத. அழுகை வருது."

"சரி சரி. மெமரி கார்டு கெட்டுப்போச்சுன்னு சொல்லிரு. நான் வருசக் கணக்கா 'போர்டு போச்சு'ன்னு சொல்லித்தான் பொழைக்கிறேன். எவன் தொறந்து பாக்கப் போறான்?"

"இங்க தொறந்து பாப்பாங்க. கார்டுல இருந்து மீட்டெடுக்கவே ஒரு ஆள் இருக்காரு. மீட்டா தாடி எல்லாத்தையும் கேப்பான்."

"அப்ப அந்த ஒண்ண மட்டும் அழி."

"நம்பர் காட்டிக் குடுத்துரும். எட்டுக்கு அப்புறம் பத்து வரும்."

அண்ணன் வேறு குரலில் கேட்டான். "அந்தப் பார்சல் ஆளு நல்லாப் படிச்சவராமா?"

"அவர் பேரு டிபார்ட்மென்ட் சுவத்துலயே இருக்கு. தங்கப் பதக்கம்."

இதற்கு ஒரு கிண்டல் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"ஏய், அந்தம்மா உன் ரூம்ல தான இருக்காங்க?" என்றான் கடைசியில். "எழுப்பித் திரும்பப் பேசச் சொல்லேன். ஆறு மணி வரைக்கும் நேரம் கிடக்கு."

போனை வைக்கக்கூட மறந்து ஓடினாள். பெட்டி, மைக், ஹெட்போன். மாடிப்படியில் ஒரு செருப்பு கழன்றது, திரும்பிப் பார்க்கவில்லை. கேமரா தெருவில் இருந்ததால் படத்தில் அந்த முகம் தூரத்தில்தான் தெரியும். அவ்வளவு சின்னதாகத் தெரிகிற உதட்டுக்கு, அறையில் பேசின குரலை ஒட்டிவிடலாம். போர்வையை ஜன்னலில் தொங்கவிட்டால் எதிரொலியும் அடங்கும். மகனாக நடித்தவர் உள்ளூர்தான், அவர் வசனத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். தாடி எழுவதற்குள் அம்மாவின் கோப்புகள் தயார். ஒன்பதாவது? அதைப் பிறகு யோசிக்கலாம். முதலில் வசனம்.

அறை வாசலில் நின்று டேப்பைப் பிய்த்து எறிந்தாள். பொத்தானை அமுக்கினாள். சிவப்பு எரிந்தது. மறுபடி அமுக்கினாள். அணைந்தது. நாலு தடவை பார்த்துக்கொண்டுதான் கதவைத் தள்ளினாள்.

அந்த அம்மா தூங்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, கட்டி முடித்த பையை மறுபடி பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னா கண்ணு, இப்படி இரைக்குது? தண்ணி குடி."

"அம்மா... ஒரு உதவி. வசனத்த இன்னொரு தடவை பேசித் தர்றீங்களா? இப்பவே? இங்கயே?"

"எதுக்கு? அவன் நல்லா வந்துச்சுன்னானே."

"நல்லாத்தான் பேசுனீங்க. என் தப்பு. பட்டனத் தப்பா அமுக்கிட்டேன். நீங்க பேசுன வசனம் ஒண்ணுகூட பதிவாகல. உங்க பையனுக்கு இன்னும் தெரியாது." சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

திட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். விழவில்லை. அந்த அம்மா எழுந்து வந்து தலையைத் தடவினார். "இதுக்குப் போயி? எங்க ஆஸ்பத்திரியில நான் ஒரு தடவை ஆளையே மாத்திக் கூப்பிட்டு உள்ள அனுப்பிட்டேன். மாட்டு உன் மைக்க."

அவர் கழுத்தருகே மைக்கைச் செருகினாள். காலையில் குத்திய அதே இடம். துணியில் சின்ன ஓட்டை இருந்தது.

அந்த அம்மா குனிந்து அந்த ஓட்டையைப் பார்த்தார். கை அங்கேயே நின்றது.

"நாள் முழுக்க இது இங்கதான இருந்துச்சு," என்றார் மெதுவாக. "வசனம் ஒண்ணும் விழலன்னா... அப்ப அதுல என்னதான் கண்ணு விழுந்துருக்கு?"