பிழைத்த கப்பலின் கதவு

நாற்பத்திரண்டு கப்பல்கள் போருக்குப் போயின. திரும்பி வந்தது ஒன்று.

இன்னொரு சூரியனைச் சுற்றுகிறவர்களோடு நமக்கு என்ன பகை என்று தெருவில் ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்குவதற்குள் பதினோராயிரம் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்த ஒற்றைக் கப்பல் ஒரு பக்கம் கருகி, வால் பிய்ந்து, இழுவைக் கப்பல் இழுக்க இழுக்க வந்து பழுதுபார்க்கும் துறையில் நின்றது. அன்றைக்குக் கைதட்டினவர்களே மறுநாள் குழாயடியில் வேறு பாட்டுப் பாடினார்கள்.

"நாப்பத்தொண்ணு பொடிப்பொடியாப் போச்சு. இது மட்டும் எப்படி வந்துச்சு?"

"ஓடி வந்திருக்கும்."

"அட, எதிரிகிட்ட விலை போயிருக்கும்."

நெருப்பில்லாமல் புகையுமா என்று ஆளுக்கொரு கை புகையை விசிறினார்கள். அதை அடக்க மேலிடம் ஒரு கதையை இறக்கியது. கப்பலின் கீழ்த்தளத்தில், பொறிக்கூடத்தில், அடி விழுந்து தீப்பிடித்ததாம். அங்கே வேலை பார்த்த பத்தொன்பது பேரும், தீ மேலே பரவக்கூடாது என்று தளங்களுக்கு நடுவில் இருக்கும் கதவைத் தங்கள் பக்கத்திலிருந்து தாங்களே மூடிக்கொண்டு உயிரை விட்டார்களாம். மேல்தளத்து முப்பத்தோரு பேரும் கப்பலும் பிழைத்தது அப்படித்தானாம்.

குழாயடி வாயடைத்துப் போனது. செத்தவனைச் சந்தேகப்பட யாருக்கு மனசு வரும்?

அவளுக்கு வந்தது. அந்தப் பத்தொன்பது பேரில் ஒருவன் அவள் அண்ணன்.

கப்பல்துறையில் அவளுக்குப் பட்டப்பெயரே 'சந்தேகம்'தான். அவள் அங்கே பரிசோதகர். அவள் கையெழுத்துப் போட்ட தாள் இல்லாமல் எந்தக் கப்பலிலிருந்தும் ஒரு ஆணியைக்கூட வெளியே கொண்டுபோக முடியாது. அவள் அப்பா இதே துறையில் நட்டு முடுக்கி முதுகு வளைந்தவர். வீட்டில் முதல்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள்தான். படித்துவிட்டு வந்தவள், தாளை நீட்டினால் எதையும் பார்க்காமல் கையெழுத்துப் போடுவாள் என்று எதிர்பார்த்தவர்கள் எல்லோரும் ஏமாந்தார்கள்.

"ஏம்மா, ஒரு கையெழுத்துதானே?" என்றார் மேற்பார்வையாளர். அவர் மேசைமேல் அச்சடித்த தாள் தயாராகக் கிடந்தது. "அந்தக் கதவைப் பேத்தெடுத்து நாளைக்குச் சதுக்கத்துல நினைவுச்சின்னமா வைக்கிறாங்க. 'கீழ்ப்பக்கத்திலிருந்து மூடப்பட்டது'ன்னு எழுதியாச்சு. நீ கீழ பேரை மட்டும் போடு."

"கதவைப் பாக்காமயா?"

"உங்க அண்ணனுக்குப் பெருமைதானே, அதுல என்ன பாக்கப் போற?"

"பெருமைன்னா ஒரு தடவை பாத்துட்டுப் போடுறேன் சார். பெருமை எங்கயும் ஓடிப்போயிடாது."

அவர் தாளை அவள் பக்கம் தள்ளினார். இவ்வளவு அவசரமாக நீட்டப்படுகிற எதையும் அவள் நம்பியதில்லை.

கப்பலுக்குள் துணைக்கு வந்தவர் மொட்டை. அப்பாவோடு வேலை பார்த்த ஃபிட்டர். தலையில் முடி மட்டும்தான் இல்லை, மற்ற எல்லாக் கதையும் இருக்கும். அன்றைக்கு என்னவோ வாயைத் திறக்காமல் விளக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

கதவு ஆளுயர வட்டம். சுற்றி எட்டு போல்ட்டுகள். எந்தப் பக்கத்திலிருந்தும் மூடலாம். எந்தப் பக்கத்து நட்டை முடுக்குகிறோமோ அந்தப் பக்கத்திலிருந்து மூடினதாகக் கணக்கு. மேல்பக்கத்து நட்டுகள் எட்டும் தளர்ந்து கிடந்தன. கீழ்ப்பக்கத்து நட்டுகள் எட்டும் இறுகி இருந்தன. கதைக்குப் பொருத்தமாக இருந்தது. அதுதான் அவளை உறுத்தியது.

பழுதுபார்க்க வெட்டியிருந்த ஓட்டை வழியாக ஏணியில் இறங்கிக் கீழ்ப்பக்கத்தைப் பார்த்தாள். கதவு முழுக்க நகக்கனத்துக்குக் கரி. நட்டுகள் மேலும் கரி. ஆனால் நட்டுகளின் மூலைகளில் ஸ்பேனர் கடித்த தடம் மட்டும் வெள்ளிபோல் பளபளத்தது.

"அண்ணே, தீப்பிடிக்கிறதுக்கு முன்னாடி முடுக்கியிருந்தா இந்தத் தடத்து மேல கரி படிஞ்சிருக்கணும் இல்ல?"

"துடைச்சிருப்பாங்க தங்கச்சி."

"எட்டு நட்டோட மூலையை மட்டுமா? பக்கத்துல ஒரு விரல்கூட வைக்காம?"

மொட்டை விளக்கை வேறு பக்கம் திருப்பினார். அவள் அவர் கையைப் பிடித்து விளக்கைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். அப்புறம் கதவின் ஓரத்து ரப்பர் வளையத்தில் கட்டைவிரலை வைத்து மெல்லத் தடவிக்கொண்டே போனாள். ஒன்று, இரண்டு, மூன்று. போகப்போக ரப்பர் தடித்தது. எட்டாவது போல்ட்டின் பக்கத்தில் அது மடிந்து, பிதுங்கி, நாக்குத் தள்ளினதுபோல் வெளியே நின்றது. பிதுங்கின இடத்தின் மேலும் அதே கரி படிந்திருந்தது.



கீழ்த்தளத்துக்காரர்கள் வட்டக் கதவை வரிசையாக முடுக்கவே மாட்டார்கள். ஒன்றை முடுக்கினால் அடுத்தது அதற்கு நேர் எதிரே இருப்பது. அப்புறம் பக்கவாட்டில் ஒன்று, அதற்கு எதிரே ஒன்று. குறுக்கும் நெடுக்குமாகப் போனால்தான் ரப்பர் சமமாக அமுங்கும். வரிசையாகச் சுற்றிக்கொண்டு வந்தால், பாயில் சுருக்கத்தைத் தள்ளுவதுபோல் ரப்பர் முன்னால் ஓடி, கடைசி போல்ட்டில் பிதுங்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இது கையில் ஏறிவிடும். ஏறவில்லை என்றால் மண்டையில் ஏற்றுவார்கள். கல்லூரி விடுமுறைகளில் இங்கே வேலை செய்தபோது அவளும் ரெண்டு குட்டு வாங்கியிருக்கிறாள்.

மேல்தளத்துக்காரர்களுக்கு இது தெரியாது. அவர்கள் கதவெல்லாம் பொத்தானை அழுத்தினால் மூடும்.

"பயத்துல வரிசை மாறிப் போயிருக்கலாம்," என்றார் மொட்டை.

"பயத்துல நீங்க செருப்பைக் கையில மாட்டிப்பீங்களா அண்ணே?"

"எனக்குக் கண்ணு சரியில்ல தங்கச்சி. ரப்பர், கரி, ஒண்ணும் எனக்குத் தெரியல. இன்னும் ஒரு வருஷ சர்வீஸ் இருக்கு."

அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஆனால் அவள் தன்னையும் விட்டுவைக்கவில்லை. மேல்தளத்துக்காரன் என்றாலே உனக்குப் பற்றி எரியும், பார்க்க ஆசைப்பட்டதைப் பார்க்கிறாயோ? வெறும் ரப்பர்தானே? சூட்டில் தானாகவே பிதுங்கியிருந்தால்?

இப்படி அவள் தன்னையே குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தபோது ஏணிக்கு மேலே காலணிச் சத்தம் கேட்டது. துணைக்கேப்டன். கேப்டனுக்குக் காயம்பட்ட பிறகு கப்பலைக் கொண்டுவந்து சேர்த்தவர் அவர்தான். நாளைக்குச் சதுக்கத்தில் திரையை விலக்கப் போகிறவரும் அவரே. கதவைப் பேர்த்தாயிற்றா என்று பார்க்க வந்திருந்தார். கப்பல் துறைக்குள் வந்துவிட்டால் அதிகாரிகள் யாரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. இவருக்கு மட்டும் என்ன அக்கறை?

"முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்ச மாதிரிதான் ஐயா. ஒரே ஒரு சோதனை. பக்கத்துல இருக்கே, இதே மாதிரி இன்னொரு கதவு, அதை மூடிக் காத்துக் கசியுதான்னு பாக்கணும். அண்ணனுக்குத் தோள்வலி. நீங்க ஒரு கை கொடுத்தா…"

மொட்டை தன் இரண்டு தோளையும் மாறி மாறிப் பார்த்தார். எந்தத் தோளில் வலி என்று அவருக்குச் சொல்லப்படவில்லை.

"அதுக்கென்ன!" துணைக்கேப்டன் சட்டைக் கையை மடித்தார். தனக்குக் கர்வம் இல்லை என்று காட்டிக்கொள்ள ஒரு வாய்ப்புக் கிடைத்த சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது. ஸ்பேனரை வாங்கினார். கீலுக்குப் பக்கத்து நட்டை முடுக்கினார். அதற்கு அடுத்தது. அதற்கு அடுத்தது. வட்டமாகவே வந்தார். எட்டாவதை இறுக்கும்போது ரப்பர் பிதுங்கி வெளியே வந்து நின்றது.

மொட்டையின் விளக்கு ஒரு தடவை ஆடியது.

"ஐயாவுக்கு நல்லா கை வருதே. முன்னாடி மூடிப் பழக்கமா?" அவள் குரலை எவ்வளவு சாதாரணமாக வைக்க முடியுமோ அவ்வளவு சாதாரணமாக வைத்துக் கேட்டாள்.

"இது ரெண்டாவது தடவை," என்றார் அவர். சொன்னதும் சட்டைக் கையை இறக்கத் தொடங்கினார். "பயிற்சியில ஒரு தடவை மூடியிருக்கேன்."

"பயிற்சியில வரிசையாவா முடுக்கச் சொன்னாங்க?"

"ஏன், வேற எப்படி முடுக்குவாங்க?"

பயிற்சி என்று ஒன்று நடந்திருந்தால் முதல் நாளே குட்டு விழுந்திருக்கும். அவர் அவளைப் பார்த்தார், பிறகு பிதுங்கின ரப்பரை, பிறகு கரி படிந்த அந்த முதல் கதவை. எதுவோ புரிந்துவிட்ட முகம். என்ன புரிந்தது என்று தெரியாத முகமும்தான்.

"கப்பல் பிழைச்சிருக்கும்மா," என்றார் மெதுவாக. "முப்பத்தோரு பேர் உசிரோட இருக்கோம். அதை மறந்துடாத."

"மூடினது தப்புன்னு நான் சொல்லலயே ஐயா. மூடித்தான் ஆகணும்னு இருந்திருக்கலாம். யாரு மூடினாங்கன்னுதான் கேக்குறேன்."

"தாள்ல இருக்கே."

"தாள்ல இன்னும் கையெழுத்து இல்ல."

அவர் ஏணி ஏறிப் போனார். மொட்டை பெருமூச்சு விட்டு விளக்கை அணைத்தார். "சந்தேகம்னு உனக்கு யார் பேர் வெச்சாங்களோ, அவங்க வாய்க்குச் சர்க்கரை போடணும்," என்றார். அப்புறம் குரலை இறக்கி, "நான் பாத்தேன் தங்கச்சி. எட்டும் வரிசையாத்தான் முடுக்கினான். கேட்டா சொல்லுவேன். கேக்காத வரைக்கும் சொல்ல மாட்டேன்."

அவள் போய்ச் சொல்வதற்கு முன்னாலேயே மேற்பார்வையாளருக்கு விஷயம் எட்டியிருந்தது. அவர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "யாருக்காக இதைக் கிளறுற?" என்று கேட்டார். "பத்தொன்பது வீட்லயும் 'எங்க ஆளு தியாகி'ன்னு தலை நிமிர்ந்து நடக்கிறாங்க. அதைப் பிடுங்கிட்டு என்னத்தைக் குடுப்ப? உங்க அண்ணி மூஞ்சில எப்படி முழிப்ப? போய் அவங்ககிட்ட கேட்டுட்டு வா. அவங்க வேணாம்னு சொன்னா கையெழுத்துப் போடு. சாயங்காலம் வரைக்கும் நேரம் தரேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன்கூடச் சில நேரம் சரியான கேள்வியைக் கேட்டுத் தொலைக்கிறான். அவள் தாளை மடித்துக்கொண்டு கிளம்பினாள்.

அண்ணி தையல் கூடத்தில் வேலை பார்த்தாள். நாற்பது இயந்திரங்கள் ஒரே நேரத்தில் கடகடக்கும் நீளமான அறை. அண்ணியின் இயந்திரத்திலிருந்து நீலத் துணி ஒன்று வழிந்து தரையில் மடிப்பு மடிப்பாகக் கிடந்தது. நாளைக்குக் கதவை மூடப்போகிற திரை. தைக்கக் கொடுத்தவனுக்கு அண்ணி யார் என்று தெரியாது. அவளும் சொல்லவில்லை.

"என்னடி இந்நேரத்துல? வேலையை விட்டுத் துரத்திட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

சத்தத்துக்கு நடுவில் அண்ணியின் காதருகே குனிந்து எல்லாவற்றையும் சொன்னாள். கரி, ரப்பர், எட்டு நட்டு, ரெண்டாவது தடவை. அண்ணி தைப்பதை நிறுத்தவில்லை. துணியின் ஓரம் ஊசிக்குக் கீழே நேராகப் போய்க்கொண்டே இருந்தது. "அண்ணன் அந்தக் கதவை மூடல அண்ணி. மேல இருந்து மூடிட்டாங்க," என்று முடித்தபோதுதான் கால் மிதியை விட்டது.

"நிச்சயமாத் தெரியுமா?"

"யாரு மூடினதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. கீழ இருந்தவங்க மூடலங்கிறது நிச்சயம்."

அண்ணி ஊசியிலிருந்து துணியை விடுவித்தாள்.

"மூணு மாசமா அந்த மனுஷன் மேல எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமாடி?" என்றாள் திடீரென்று. "எல்லாரும் வந்து தியாகி தியாகின்னாங்க. நான் தலையாட்டினேன். உள்ளுக்குள்ள எரிஞ்சுது. ஸ்பேனரை எடுக்கும்போது ஒரு நிமிஷம் என்னை நெனைச்சியா? புள்ளையை நெனைச்சியா? யார் யாரோ பொழைக்கணும்னு கதவைச் சாத்திக்கிட்டுப் போயிட்டியேடான்னு, அவரு படத்தைக்கூடத் திருப்பி வெச்சிட்டேன். இவ்வளவு பெரிய மனுஷனைக் கட்டிக்கிட்டு எனக்கு இப்படி ஒரு சின்ன புத்தியான்னு என்னையே திட்டிக்கிட்டேன்."

இதை மட்டும் அவள் சந்தேகப்பட்டிருக்கவே இல்லை.

"அப்ப அவரு வரத்தான் பாத்திருக்காரு," என்றாள் அண்ணி. "மேல ஏறி வரப் பாத்திருக்காரு. விடல."

"ஆமா."

"எழுது."

"எழுதினா நாளைக்குக் கதவு சதுக்கத்துக்குப் போகாது. தியாகிப் பட்டமும் போகும். என் வேலையும் போகும்."

"உன் வேலை போனா இங்க வா. ஓரம் அடிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"படிச்சவளுக்கு எதுதான் தெரியும்," என்று சொல்லிக்கொண்டே அண்ணி மேசைமேல் கிடந்த துணியை ஒரு கையால் வாரித் தரையில் தள்ளி இடம் ஒதுக்கினாள். "இங்கயே எழுது. நான் பாக்கணும். மத்த பதினெட்டு வீட்டுக்கும் நானே போய்ச் சொல்றேன். எத்தனை பேரு என்னை மாதிரி படத்தைத் திருப்பி வெச்சிருக்காங்களோ."

அவள் தாளை விரித்தாள். 'கீழ்ப்பக்கத்திலிருந்து மூடப்பட்டது' என்ற அச்சு வரியை ஒரு கோட்டால் அடித்தாள். அதன் கீழே, பரிசோதகருக்கு உரிய கட்டத்தில் எழுதினாள்: கதவு மேல்பக்கத்திலிருந்து மூடப்பட்டது. மூடியவர் கீழ்த்தளத் தொழிலாளி அல்லர். கீழ்ப்பக்க நட்டுகள் தீ அணைந்த பிறகு முடுக்கப்பட்டவை. பக்கத்துக் கதவில் நடந்த சோதனையை நேரில் பார்த்த சாட்சி உண்டு, கேட்டால் சொல்வார்.

கையெழுத்துப் போட்டாள். அண்ணி ஒவ்வொரு எழுத்தாக, உதடு அசைய, வாசித்து முடிக்கும்வரை பேனாவை மூடாமல் காத்திருந்தாள்.