எந்த டிஸ்க்கை அழிக்கட்டும்?

பிணவறை அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் அவனுக்கு ரீஸ்டார்ட் என்று பட்டப்பெயர். எந்தக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும், "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்றுதான் ஆரம்பிப்பான். வேலையில் கெட்டிக்காரன்தான், கொஞ்சம் அவசரக்குடுக்கை.

பதினோரு கம்ப்யூட்டர்களிலும் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் புதிதாகப் போட வேண்டியிருந்தது. அதற்கான கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஒரு ஸ்கிரிப்ட் ஏற்கெனவே இருந்தது. ஓட விட்டால் எல்லாவற்றையும் தானே நிறுவிவிடும். ஓரிடத்தில் மட்டும் நின்று, "எந்த டிஸ்க்கை அழிக்கட்டும்?" என்று கேட்கும். யாராவது வந்து பதிலைத் தட்டும்வரை அசையாது. பதினோரு மேஜைக்கும் யார் ஓடுவது? கேள்வியைத் தூக்கிவிட்டு, 'முதல் டிஸ்க்' என்று பதிலை இவனே எழுதிவைத்தான். ஸ்கிரிப்டை மேம்படுத்திவிட்டதாக மேலாளரிடம் பெருமையடித்தும் கொண்டான்.

பத்து கம்ப்யூட்டர்களில் ஒரு குறையும் இல்லை. பதினோராவது, படங்கள் சேமிக்கும் கம்ப்யூட்டர். அதில் இரண்டு டிஸ்க். அன்று பார்த்து அது படங்கள் இருந்த டிஸ்க்கை முதலாவதாக எண்ணிக்கொண்டது. அந்த மாதம் பெயர் தெரியாமல் வந்து, கெடு முடிந்து புதைக்கப்பட்ட பதினேழு பேரின் முகங்கள் அதில் இருந்தன. அந்த மாதத்து நகல் தலைமை அலுவலகத்துக்கு மறுநாள்தான் போக வேண்டியது. இரண்டு நாள் தலைகீழாக நின்று பார்த்தான். ஒரு படம்கூடத் திரும்பவில்லை. முகங்கள் ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று படம் எடுத்தவரைக் கேட்டான்.

"முகத்த ஞாபகம் வெச்சுக்கிட்டா இந்த வேலைய நான் பாக்க முடியுமா?" என்றார் அவர்.

"யாராவது கேட்டா, படம் எதுவும் வரலைன்னு சொல்லிடு. யாரு தோண்டிப் பாக்கப்போறா?" என்றார் மேலாளர்.

திங்கட்கிழமை தையல்கார அக்கா வந்தாள். அவளுடைய தம்பி காணாமல் போய் ஒன்றரை வருடம். மாதம் தவறாமல் வந்து, போன மாதத்துப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் போவாள்.

"இந்த மாசம் படம் எதுவும் இல்லக்கா."

"ஒண்ணுகூடவா?" அவள் முகம் மலர்ந்தது. "அப்ப எங்கயோ நல்லாத்தான் இருக்கான். எனக்குத் தெரியும் தம்பி."

அந்தச் சிரிப்பை அவனால் தாங்க முடியவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான்.

"பொய் சொல்லிட்டேன்க்கா. பதினேழு படம் இருந்துச்சு. அழிஞ்சுபோச்சு... இல்ல, நான்தான் அழிச்சிட்டேன்."

அவள் கத்தவில்லை. நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சரி, நீ பாத்திருப்பல்ல தம்பி? உன் கையில இருந்த மெஷின்தான? இடது புருவத்துல குறுக்க ஒரு தழும்பு. அப்படி ஒரு முகம் இருந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லு. நான் உக்காந்திருக்கேன்."

எத்தனையோ முறை அந்த மெஷினைக் கழற்றி மாட்டியிருக்கிறான். அந்த ஃபோல்டரை ஒருநாளும் திறந்ததில்லை. திறந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது என்று பயம். பதினேழு என்ற எண்ணைக்கூட அவன் பதிவேட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.

"நான் ஒரு முகத்தக்கூடப் பாத்ததில்லக்கா" என்றான்.