நடைபாதை விலகிப்போன இடம்

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தது ஒரு வளைவு. காரைக்குடியில் திருப்பத்தூர் பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு மாலை, நிழலுக்காகப் பூங்கா ஒன்றுக்குள் நுழைந்தேன். நேராகப் போன நடைபாதை ஒரு முட்புதரைக் கண்டதும் ஒதுங்கி, சுற்றிக்கொண்டு, மறுபடி நேரானது. பூங்காவில் போய்ச் சீமைக்கருவேலத்தை யாராவது விட்டுவைப்பார்களா? செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன். சத்தியப்பிரியா என்று பெயர். குழாயை மூடிவிட்டுச் சொல்லத் தொடங்கினார்.

(கதைக்குள் வந்ததும் அவர் 'அவள்' ஆகிவிடுவார். எழுதுகிறவர்களின் பழைய கெட்ட பழக்கம்.)

2

முதல் தொடக்கம்: ஒரு காலத்தில் அந்தப் பூங்காவில் குழந்தைகள்—

அடித்துவிட்டேன். எந்தப் பூங்காவில்தான் ஒரு காலத்தில் குழந்தைகள் விளையாடவில்லை?

இரண்டாவது: சத்தியப்பிரியாவின் கணவர் குருநாதன் லாரி ஓட்டினார். பக்கவாதம் வந்து வலது காலும் பேச்சும் விழுந்துவிட்டன. தினமும் நடக்கவேண்டும் என்றார் டாக்டர். இழுத்து நடப்பதை ஊர் பார்க்குமே என்று குருநாதன் வாசற்படியைத் தாண்டவில்லை. தெருக்கோடியிலிருந்த பூங்காவோ முள்ளும் குப்பையும் உடைந்த பாட்டிலுமாகக் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் நடக்க ஒரு பாதை போடலாமென்று அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு அங்கே போனாள்.

தனியாகத்தான் போனாள். அடுத்த வாரம் எதிர்வீட்டுச் சிகப்பி ஆச்சி* கடப்பாரையோடு வந்தார். அப்புறம் தெருவே வந்தது. யார் கூப்பிட்டார்கள் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. ஒரு காலையில் நிமிர்ந்து பார்த்தாள். பெயர்கூடத் தெரியாதவர்கள் முள்ளை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அரிவாளோடு மறுபடி குனிந்துகொண்டாள்.

* ஆச்சி என்றால் கிழவி இல்லை. செட்டிநாட்டு நகரத்தார் வீட்டுப் பெண்களை அப்படித்தான் அழைப்பது. சிகப்பிக்கு வயது நாற்பதைத் தாண்டவில்லை.

3

கருவேல வேர் கைக்கு மசியாது. அதே தெருக்காரர் காளிராஜ் தன் ஜேசிபியை ஒருநாள் சும்மா ஓட்டித் தருவதாகச் சொன்னார். மறுநாள் அவருக்கு வெளியூரில் வேலை. ஜேசிபி வந்த அன்றைக்குச் சத்தியப்பிரியா கெஞ்சிக் கூத்தாடிக் கணவரை அழைத்துவந்து, ஓரமாக ஒரு நாற்காலியில் உட்காரவைத்தாள். அவருடைய பாதை வருவதை அவர் பார்க்கவேண்டும்.

கடைசிப் புதரில் பாதியைப் பிய்த்ததும் இயந்திரம் நின்றது.

"யக்கா, இங்குட்டு வாங்க."

பெண்மயில் ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. இறக்கைக்குக் கீழே ஒரு முட்டையின் விளிம்பு தெரிந்தது. தலைக்கு மேல், கையெட்டும் உயரத்தில், இரும்புப் பற்கள். எஞ்சின் அதிர்வில் அதன் கழுத்து இறகுகள் நடுங்கின, மயில் நடுங்கவில்லை. எழவும் இல்லை.

காளிராஜ் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். செருப்பைக் கழற்றினார்.

(மயிலுக்குப் பதில் கௌதாரி வைத்தும் எழுதிப் பார்த்தேன். குன்றக்குடி முருகனுக்கு இவ்வளவு பக்கத்தில் மயில் வந்தால் நீங்கள் சிரிப்பீர்கள். என்ன செய்ய? வந்தது மயில்.)

4

"முட்டைய எடுத்து அங்குட்டு வச்சிருவோம்" என்றாள் சத்தியப்பிரியா.

"எடத்த மாத்துனா அது அடை ஒக்காராது, சத்யா" என்றார் சிகப்பி.

"நாளைக்கு மிஷின் வராது, ஆச்சி! பாதை இதுக்குள்ளதான போகணும்?"

அதற்குள் பின்னால் ஏதோ தரையில் உரசும் சத்தம். குருநாதன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். இரும்புப் பற்களுக்கும் மயிலுக்கும் நடுவே அதைப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏன் இப்பிடிப் பண்றீக? ஒங்களுக்காகத்தான இம்புட்டும்!"

(இந்த இடத்தில் அவருக்குப் பேச்சு திரும்பிவிட்டதாக ஒருமுறை எழுதினேன். 'வேணாம்' என்று ஒரே சொல். எனக்கே கண் கலங்கியது. ஆனால் பேச்சு வரவில்லை.)

இடது கையை மட்டும் உயர்த்தினார். பொறு, என்பதுபோல. அவள் அவரைப் பார்த்தாள், மயிலைப் பார்த்தாள். இரண்டும் அசைவதாக இல்லை. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கோயில் நடை திறக்கும்போது நிற்பதுபோல நின்றுகொண்டிருந்தாள்.

"வண்டிய எடுத்துரு, காளி" என்றாள் கடைசியில்.

5

பாதையைக் கையாலேயே வெட்டினார்கள், புதரைச் சுற்றி. குருநாதன் தினமும் காலையில் தானாகவே கிளம்பிவந்து, நாய்களை விரட்டக் கைத்தடியோடு காவலிருந்தார். ஊர் பார்க்கத்தான் செய்தது. "குஞ்சு பொரிச்சிருச்சாண்ணே?" என்று நின்று கேட்டது. இன்னும் இல்லை என்று தலையாட்டுவார்.

6

பொரித்தது. காப்பியோடு வந்த சத்தியப்பிரியா கண்ணால் கண்டாள். தாய்மயில் வெளியே வந்து கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு நடந்தது. பின்னாலேயே மண்ணிற உருண்டைகள், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு. நடக்க வந்திருந்தவர்கள் நின்ற இடத்தில் நின்றார்கள். மயில் புதுப் பாதையைக் கடந்து வேலிப்பக்கம் போனது.

குருநாதன் எழுந்தார்.

முடிவு ஒன்று: கைத்தடி இல்லாமல் வேலிவரை நடந்தார்.

முடிவு இரண்டு: இரண்டடி வைத்துவிட்டு நின்றார்.

எது நடந்தது என்று சத்தியப்பிரியாவிடம் கேட்டேன்.

"நான் அவுகளப் பாக்கலையே, சார். குஞ்சுகளத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். திரும்புனா, நாற்காலி காலியா இருந்துச்சு."

அப்புறம் எங்கே இருந்தார் என்று கேட்க வாயெடுத்தேன். மலர்ந்திருந்த சத்தியப்பிரியாவின் முகத்தைப் பார்த்ததும் கேட்கத் தோன்றவில்லை. அந்த நாற்காலிவரைதான் என்னால் எழுத முடிந்தது. அங்கிருந்து குருநாதன்—